பழைய சுரங்கப் பகுதியின் மரபைப் பாதுகாப்பது என்றால் என்ன?

சுரங்கம் மூடியபின் அங்கே பாதுகாக்க என்ன இருக்கிறது? குழி மட்டுமல்ல, சுரங்கம் உருவாக்கிய ஊர் முழுவதுமே இருக்கிறது. குழியின் மேல் நிற்கும் பெரிய சக்கரம், தொழிலாளர் வீடுகள், ரயில் பாதை, கழிவுக்கல் மேடு எல்லாம் அதில் சேரும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே வாழ்ந்தவர்களின் கதை புரியும். தாமதித்தாலோ இழப்புதான். நீரை இறைப்பது நின்றதும் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறும், இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போகும். அப்புறம், நினைவுகள். பழைய குடும்பப் படத்தில் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால், படம் இருந்தும் முகங்கள் அந்நியமாகிவிடும் அல்லவா? அதே கதைதான்.

பிரிட்டனின் வேல்ஸில் உள்ள பிளைனாவன் என்ற ஊர் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். அங்குள்ள பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1980-இல் மூடப்பட்டு, 1983-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக்கொண்டு சுமார் 90 மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம். செல்போன், பேட்டரி கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மேலேயே கொடுத்துவிட வேண்டும். சுரங்கத்துக்குள் தீப்பற்றக்கூடிய வாயு சேர்ந்திருந்தால், அவற்றிலிருந்து வரும் சிறு பொறியே வெடிப்புக்குப் போதும். அங்கே வேலை பார்த்தவர்களே வழிகாட்டிகளாக வந்து தங்கள் அனுபவத்தைச் சொன்னதுதான் அந்த இடத்தின் உயிர். 2000-இல் பிளைனாவன் நிலப்பரப்பு முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பாதுகாத்தால் ஊரே அப்படியே உறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிளைனாவனில் இன்றும் மக்கள் வழக்கம்போல் குடியிருக்கிறார்கள்.