குட்டி யானை வாங்கலாமுங்களா?

கேள்வி: ஏனுங்க, பனியன் கம்பெனியில் எட்டு வருசமாகச் செக்கிங் வேலை. ஆர்டர் இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள். குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) வாங்கிப் பார்சல் டெலிவரிக்கு ஓட்டு, நல்ல காசு என்கிறான் மச்சினன். கார் லைசென்ஸ் இருக்கிறது. வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் எடுக்கிற பேட்ஜ் நானும் எடுக்கணுமா? இறங்கலாமுங்களா?
- வாசகர், பெருமாநல்லூர்

பதில்: பேட்ஜ் வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்ட கார் லைசென்ஸே போதும் என்று 2017-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்விலும் அதை உறுதி செய்துவிட்டது. வண்டிக்கு மஞ்சள் போர்டும் கமர்ஷியல் இன்சூரன்ஸும் கட்டாயம். வெள்ளை போர்டு ஆம்னியில் பார்சல் ஏற்றுகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள், எங்காவது மோதிவிட்டு க்ளெய்ம் கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

இனி காசு. ஆறு வருசம் ஓட்டியவன் சொல்கிறேன், ரேட்டைக் கேட்பதற்கு முன்னால் ரூட்டைக் கேளுங்கள். பார்சலுக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், எண்பது போட்டால் 1,200 என்று மனசு சட்டென்று கணக்குப் போட்டுவிடும். திருப்பூர் டவுனுக்குள் அது நடக்கும், ஒரே காம்பவுண்டில் ஐந்து பார்சல் இறங்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் தள்ளிவிட்டால் கதையே வேறு. தோட்டத்துக்கு ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு. தார் ரோட்டை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி கண்ணாடியை உரச, இட்டேரியில் ஒன்றரை கிலோமீட்டர் போய் ஒரு செருப்பு டப்பாவைக் கொடுத்துவிட்டு, திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே வர வேண்டும். அதற்கும் அதே 15 ரூபாய்தான்!

ஊதியூர் பக்கம் ஓர் ஆத்தாவுக்கு மிக்ஸி ஜார் கொண்டுபோனேன். ஓடிபி பெங்களூரில் இருக்கும் மகன் போனுக்குப் போயிருக்கிறது, அவர் மீட்டிங்கில். "அந்த நம்பரை நீயே எழுதிக்க சாமி, நானா சண்டைக்கு வரப்போறேன்" என்று சொல்லி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். அருமையான மோர். இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. அன்றைக்கு ஒன்பது பார்சல் ஹப்புக்குத் திரும்பியது, திரும்பிய பார்சலுக்குப் பைசா கிடையாது. ராத்திரி கேஷ் ஒப்படைக்கும்போது ஐந்நூறு குறைந்தால் அதுவும் நம் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள், எனக்கு இரண்டு முறை பிடித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் ஆறு வருசம் ஓட்டினாய் என்பீர்கள். தலைக்கு மேல் நின்று விரட்ட சூப்பர்வைசர் இல்லை, சைரன் இல்லை. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் கை நிறையக் காசு பார்க்கலாம் (இடுப்பு போய்விடும், அது வேறு).

அதனால் கடன் போட்டு உடனே வண்டி எடுக்காதீர்கள். கம்பெனியில் வேலை இல்லாத நாட்களில் ஒரு மாதம் தெரிந்தவர் வண்டியில் கூடப் போங்கள், டீசல் போக மிச்சம் என்ன என்று தினமும் எழுதுங்கள். அதற்குப் பிறகு மச்சினனிடம் பேசுங்கள். ஆப் வழியாக வேலை எடுப்பதானால், இந்த மாதிரித் தொழிலாளர்களுக்கென்று 2023-ல் தமிழக அரசு அமைத்த நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள், யாரும் வீடு தேடி வந்து பதிய மாட்டார்கள்.

கேள்வி: பார்சல்காரர் எங்கள் தோட்டத்துக்கு வருவதே இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கங்க என்கிறார். இது நியாயமா?
- வாசகி, கொடுமுடி

பதில்: நியாயமில்லைதான். ஆனால் முகவரியில் 'மேட்டுத் தோட்டம்' என்று மட்டும் போட்டிருந்தால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் நாலு மேட்டுத் தோட்டமாவது இருக்கும். லொகேஷன் அனுப்பிவையுங்கள். நாயையும் கட்டிவையுங்கள். "எங்க நாய் கடிக்காதுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒருவர் சொன்னார். அந்த நாய்க்காகத்தான் நான் நாலு ஊசி போட்டுக்கொண்டேன்.