மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. மனச்சோர்வுக்கு மூன்று மாதமாக எஸ்சிடலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறார். தைராய்டு மாத்திரையும் உண்டு. இப்போது நன்றாக இருக்கிறார். தெரிந்தவர் ஒருவர், செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் அமுக்கராவும் கலந்த கேப்சூலைக் கொடுத்து, "இது இயற்கை, அந்த மாத்திரையை விடுங்கள்" என்கிறார். மாறலாமா?

பதில்: வேண்டாம். மாற்றவும் வேண்டாம், சேர்த்துக் கொடுக்கவும் வேண்டாம்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வெறும் ஏமாற்று அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008-ல் வெளியிட்ட தொகுப்பு, 29 ஆய்வுகளை அலசி, லேசான, நடுத்தர மனச்சோர்வில் அது பலன் தருகிறது என்றே சொன்னது. அந்த ஆய்வுகள் பலவற்றில் கொடுத்தது 300 மி.கி. தரப்படுத்திய சாறு (சத்தின் அளவு எப்போதும் ஒன்றாக இருக்கும்படி தயாரித்தது), தினம் மூன்று வேளை. உங்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: சாறா, காய்ந்த செடிப் பொடியா? எத்தனை மி.கி.? பல டப்பாக்களில் இந்த இரண்டு விவரமுமே இருக்காது.

வேலை செய்கிற மூலிகை என்பதாலேயே அது ஆபத்தும் ஆகிறது. எஸ்சிடலோபிராமோடு சேர்ந்தால், மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற மூளை வேதிப்பொருள் எக்கச்சக்கமாக ஏறலாம். கை நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, தசை விறைப்பு என்று தொடங்கும். எஸ்சிடலோபிராமைச் சட்டென நிறுத்தினாலோ தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும், நோயும் திரும்பலாம். நன்றான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டிய மருந்து இது. குறைப்பது டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். அது போதை மருந்தும் அல்ல.

"ஒன்றை நிறுத்திவிட்டு மறுநாள் மற்றதைத் தொடங்கலாமே" என்பார்கள். அதுவும் சரியல்ல. எஸ்சிடலோபிராம் உடலை விட்டுப் போகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஃப்ளூஆக்செட்டின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து இன்னும் மெதுவாகப் போகும். அதன் மிச்சம் ஐந்து வாரம் வரை ரத்தத்தில் தங்கும். மாத்திரை அட்டையில் அந்தப் பெயர் இருந்தால் கணக்கே வேறு. பிராண்டுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றலாம். அம்மாவுக்கு ஏற்கெனவே மாத்திரை இருப்பதால் படபடப்பு கூடும். அரிதாகக் கல்லீரலையும் தாக்கும். உடம்பு அரிப்பு, கடும் மஞ்சள் சிறுநீர் தெரிந்தால் அந்தக் கேப்சூலை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அது உணவு விற்க வாங்கும் உரிமம். மனச்சோர்வைத் தீர்க்கும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல! ஆள் சேர்த்து விற்கும் சங்கிலி விற்பனைக்காரர்கள் இதை வைத்தே வாட்ஸ்அப்பில் ஊரையே நம்பவைக்கிறார்கள், தட்டிக்கேட்க ஆளில்லை. நம் ஓ.பி.யிலோ, மூலிகை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கக்கூட யாருக்கும் நேரமில்லை. அதனால் நீங்களே அடுத்த முறை இந்த டப்பாவையும் தைராய்டு அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போய் மேஜைமேல் வையுங்கள். அதற்குள் அம்மா தூங்காமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தனியே விடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.