ஒரே தேதியில் நடந்த வரலாற்றுச் சம்பவங்களில் உங்களை அதிகம் வியக்க வைத்த தேதி எது?

ஏப்ரல் 12.

'வரலாற்றில் இன்று' பகுதியை விடாமல் படிக்கிற ஆள் நான். பெரும்பாலான தேதிகளில் யாராவது பிறந்திருப்பார், எங்காவது ஒரு பாலம் திறந்திருப்பார்கள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டோ உறவோ இருக்காது. ஏப்ரல் 12 மட்டும் வேறு மாதிரி. அதில் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்தது முதலில். 1961 ஏப்ரல் 12, மாஸ்கோ நேரம் காலை 9:07. பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து சோவியத் விண்கலம் வஸ்தோக் 1 கிளம்பியது, உள்ளே விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின். தச்சரின் மகன், வயது 27. மொத்தம் 108 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிட்டுத் தரைக்கு வந்துவிட்டார். இதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கலத்தின் பூட்டு. எடையில்லாத நிலையில் மனிதனுக்குப் புத்தி பிசகிவிடுமோ என்று மருத்துவர்கள் பயந்ததால், கையால் இயக்கும் வசதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் திறக்கும் எண் ஓர் உறைக்குள் இருந்தது. அவசரம் என்றால் ககாரின் உறையைப் பிரித்து எண்ணை அழுத்த வேண்டும், அதைச் செய்ய முடிந்தால் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம்! நல்ல யோசனைதான். ஆனால் கிளம்பும் முன்பே கூட இருந்தவர்கள் எண் 125 என்று அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், ககாரின் கலத்தோடு தரையிறங்கவில்லை. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே தூக்கி எறியப்பட்டு, தனி பாராசூட்டில் சராத்தோவ் பகுதி வயல்வெளியில் இறங்கினார். சாதனையைப் பதிவு செய்ய விமானி தன் வாகனத்துக்குள்ளேயே இறங்கியிருக்க வேண்டும் என்று சர்வதேச விமான விளையாட்டுக் கூட்டமைப்பில் விதி இருந்தது. அதனால் சோவியத் தரப்பு இதைப் பல வருடம் மறைத்து வைத்தது.

இதன் ஜோடி 1981 ஏப்ரல் 12. சரியாக 20 வருடம் கழித்து, அமெரிக்காவின் முதல் விண்ணோடம் கொலம்பியா, ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் இருவரோடும் ஃப்ளோரிடாவிலிருந்து புறப்பட்டது. ககாரினுக்குப் போட்டியாக அமெரிக்கா தேதி பார்த்து ஏவியது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லவே இல்லை. ஏப்ரல் 10 அன்றே போக வேண்டியது. நான்கு முதன்மைக் கணினிகளும் மாற்றுக் கணினியும் நேரத்தில் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 40 மில்லி விநாடி, கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடையாது. அதனால் அன்றைய பயணம் ரத்தாகி, இரண்டு நாள் தள்ளிப்போய், தானாக வந்து ககாரின் தேதியில் விழுந்தது.

இரண்டாவது ஜோடிதான் என்னைப் பொறுத்தவரை பெரியது.

1945 ஏப்ரல் 12, ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், ஓவியர் ஒருவர் தன்னை வரைந்துகொண்டிருக்கும்போதே, தலையின் பின்பக்கம் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் ரத்தக்கசிவு. பிற்பகலில் உயிர் பிரிந்தது, ஓவியம் பாதியில் நின்றது. ஜெர்மனி சரணடைய ஒரு மாதம்கூட இல்லை.

அவர் ஏன் வார்ம் ஸ்பிரிங்ஸில் இருந்தார்? 1921-ல், 39 வயதில், போலியோ என்று கண்டறியப்பட்ட நோயால் அவர் கால்கள் செயலிழந்தன. (அது வேறு நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் சில மருத்துவர்கள் எழுதினார்கள், அது தனிக் கதை.) அங்கிருந்த வெந்நீர் ஊற்றில் கொஞ்சம் தெம்பு கிடைப்பதாகத் தோன்றவே, அந்த இடத்தையே வாங்கி மற்ற நோயாளிகளுக்கும் சிகிச்சை மையமாக்கினார். 1938-ல் போலியோவுக்கென ஒரு தேசிய அறக்கட்டளையும் தொடங்கினார். ஆளுக்கு ஒரு 10 சென்ட் நாணயம் அனுப்புங்கள் என்று கேட்டார்கள், வெள்ளை மாளிகைக்கு மூட்டை மூட்டையாகத் தபால் வந்தது. அவர் இறந்த பிறகு அவர் முகத்தைப் பொறிக்க அந்த 10 சென்ட் நாணயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம்.

அந்தச் சில்லறைக் காசில்தான் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி நடந்தது. 1954-ல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற பரிசோதனை முடிந்து, அதை மதிப்பிட்ட தாமஸ் ஃபிரான்சிஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முடிவை அறிவித்தார்: தடுப்பூசி வேலை செய்கிறது. ஊர் ஊராகத் தேவாலய மணிகள் அடித்தன. தேதி, 1955 ஏப்ரல் 12. ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்து வருடம். கொலம்பியா கதை மாதிரி இல்லை இது. தேதி பொருந்தாமல் போயிருந்தாலும் இரண்டுக்கும் நடுவே அந்த நாணயங்கள் இருக்கின்றன.

அன்று இரவே தொலைக்காட்சியில் சால்க்கிடம், காப்புரிமை யாருடையது என்று கேட்டார்கள். "மக்களுடையது என்பேன். காப்புரிமை ஏதும் இல்லை. சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?" என்றார். அருமையான பதில். ஆனால் அதற்கு முன்பே அறக்கட்டளையின் வழக்கறிஞர்கள் விசாரித்துப் பார்த்து, காப்புரிமை கிடைக்காது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம், அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் இதே தேதியில்தான். 1861, அதிகாலை 4:30, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டை மீது முதல் குண்டு விழுந்தது. தாக்கிய தென்மாநிலத் தளபதி பியூரிகார்ட், கோட்டைக்குள் இருந்த வடதரப்புத் தளபதி ஆண்டர்சனிடமே ராணுவக் கல்லூரியில் பீரங்கிப் பாடம் படித்தவர். சுமார் 34 மணி நேரம் குண்டு மழை பொழிந்தும் இரு தரப்பிலும் ஒரு சாவு இல்லை. கோட்டையில் இருந்தவர்கள் சரணடைந்த பிறகு, தங்கள் கொடியை இறக்கும்முன் மரியாதைக்காக 100 குண்டு சுட அனுமதி கேட்டார்கள். அதில் ஒரு பீரங்கி முன்கூட்டியே வெடித்துத்தான் முதல் சிப்பாய் இறந்தார். மரியாதையை 50 குண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.