தேதி கேளுங்கள், தலையெழுத்து கேட்காதீர்கள்!
வாசகர் கேள்வி – பதில்

(பெண்கள் மீதான வன்முறைப் புகார்கள், காவல் விசாரணை, அவற்றை நாடாளுமன்றமும் சட்டமன்றமும் எந்த அளவுக்குத் தட்டிக்கேட்க முடியும் என்பது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.)

கணவர் வீட்டுக் கொடுமை பற்றி அக்கா மகள் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து 22 நாள் ஆகிறது. கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். எம்.பி. ஒரு போன் போட்டால் வழக்குப் பதிவாகிவிடும் என்கிறார்கள். போய்ப் பார்க்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியது வேறு இருக்கிறது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு, அதற்கு ஒரு குற்ற எண் இருக்கும், நகல் இலவசமாகத் தரவேண்டும்.

இப்போது நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் முதற்கட்ட விசாரணை நடத்த அனுமதிக்கிறது. கணவர் வீட்டுக் கொடுமைக்கு (பி.என்.எஸ். என்ற தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு) அதிகபட்சம் 3 ஆண்டு என்பதால் அது இதற்குள் வருகிறது. ஆனால் அதற்கும் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். 14 நாளுக்குள் முடிக்கவேண்டும். உங்களுக்கு 22 நாள். ஆகவே நிலையத்தில் கேட்கவேண்டிய கேள்வி “எப்போது எஃப்.ஐ.ஆர். போடுவீர்கள்” என்பதல்ல. “முதற்கட்ட விசாரணைக்கு டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதியில் வாங்கினீர்கள், 14 நாள் எப்போது முடிந்தது” என்று எழுத்தில் கேளுங்கள்.

பதில் இல்லையென்றால் புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. பலர் எஸ்.பி. படியைத் தாண்டி நேரே நீதிமன்றம் போய், மனு திரும்பி வந்து இரண்டு மாதத்தைத் தொலைக்கிறார்கள். இன்னொன்று: குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்க எஃப்.ஐ.ஆர். தேவையே இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ வழக்கின் நிலை என்ன என்று எஸ்.பி.க்குக் கடிதம் எழுதலாம், அதில் தவறில்லை. இந்தப் பிரிவைப் போடு, இவரைக் கைது செய் என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அப்படி ஒரு போன் உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யுமென்றால், எதிர்த்தரப்பு போடும் போனும் வேலை செய்யும் என்பதை மறக்கவேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் போலீஸ்காரர் மீதே வழக்குப் போடலாமாமே?
– வாசகர், விருதுநகர்

போடலாம், ஆனால் எல்லாப் புகாருக்கும் அல்ல. டெல்லி பேருந்து வன்கொடுமைக்குப் பின் அமைந்த வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை தந்தது. அந்த ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் நுழைந்த பிரிவு இது. இப்போது பி.என்.எஸ். 199. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, ஆடையைக் களைய வைத்தல், ஆள்கடத்தி வணிகம் போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் தகவலைப் பதிவு செய்யத் தவறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல். அரசின் முன் அனுமதியும் தேவையில்லை.

பட்டியலைக் கவனமாகப் படித்தால் ஓட்டை தெரியும். கணவர் வீட்டுக் கொடுமை அதில் இல்லை. பின்தொடர்ந்து தொல்லை தருவதும் (பிரிவு 78) இல்லை. காவல் நிலையத்துக்கு அதிகம் வருவதும், “சமாதானமாகப் போங்கம்மா” என்று அதிகம் திருப்பி அனுப்பப்படுவதும் இந்த வகைப் புகார்கள்தான். சட்டத்தைத் திருத்தினால்தான் அடைக்க முடிகிற ஓட்டை இது.

எங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் பெண்கள் பாதுகாப்பு பற்றிக் கேட்ட கேள்விக்கு, “காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை” என்ற ஒற்றை வரியில் பதில் வந்தது. கேட்டு என்ன பயன்?
– வாசகர், தஞ்சாவூர்

அந்த வரி பொய்யில்லை. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்களே பொது ஒழுங்கும் காவலும்தான். குறை பெரும்பாலும் கேள்வியில் இருக்கிறது. வழக்கமாக இப்படிக் கேட்பார்கள்: “தமிழ்நாட்டில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் அதிகரித்திருப்பது உண்மையா? எனில், அரசு எடுத்த நடவடிக்கை என்ன?” இதற்கு அமைச்சகத்தில் தயாராக ஒரு பதில் கிடக்கும். நிர்பயா நிதி, 112, 181 உதவி எண்கள், மகளிர் உதவி மையம் என்று இரண்டு பக்கம். படித்து முடித்தால் ஒன்றும் கையில் நிற்காது.

மத்திய அரசின் கையில் இருப்பதைக் கேட்டால் தப்பிப்பது கடினம். பாலியல் குற்ற விசாரணை எத்தனை நாளில் முடிகிறது என்று கணக்கிடும் ஐ.டி.எஸ்.எஸ்.ஓ. என்ற இணையத் தளத்தை 2019 முதல் நடத்துவது மத்திய உள்துறை. ஆகவே இப்படிக் கேட்கவேண்டும்: “கடந்த 3 ஆண்டுகளில் மாநிலவாரியாக இத்தளத்தில் பதிவான வழக்குகள் எத்தனை, 2 மாதத்துக்குள் விசாரணை முடிந்தவை எத்தனை, தாண்டியவை எத்தனை, தாண்டியவற்றில் தடய ஆய்வக அறிக்கைக்காக நிற்பவை எத்தனை?” நான்குமே எண்கள். பதிலில் உரைநடைக்கு இடமில்லை.

மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாக் கேள்வி. பெயர் குலுக்கலில் வரவேண்டும். 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். எண் கேட்பதற்கு நட்சத்திரமில்லாக் கேள்வியே போதும், எழுத்தில் பதில் வரும். அமைச்சரை மடக்கித் துணைக்கேள்வி கேட்க நினைத்தால்தான் நட்சத்திரம். “தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்” என்று பதில் வந்தால் சோர வேண்டாம். அது ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். 3 மாதத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் உறுதிமொழிக் குழு அமைச்சகத்தைத் துரத்தும். எம்.பி.யின் உதவியாளர் அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறாரா என்பதுதான் பிரச்சினை.

2 மாதத்தில் விசாரணை முடிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, முடிக்காவிட்டால் என்ன ஆகும்?
– வாசகி, கோயம்புத்தூர்

ஒன்றும் ஆகாது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது.

பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளில் தகவல் பதிவான நாளிலிருந்து 2 மாதத்துக்குள் விசாரணை முடியவேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 193. தவறினால் யாருக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. காவலில் இருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கட்டாய ஜாமீன் கிடைக்கும் கெடு வேறு. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். விசாரணை அதிகாரி பயப்படுவது இந்தக் கெடுவுக்குத்தான். அதனால் கைதாகாத வழக்குகள் அலமாரியில் தூங்கும். கைதான வழக்குகளில் 89ஆம் நாள் அவசர அவசரமாக, ஆய்வக அறிக்கை இல்லாமலே குற்றப்பத்திரிகை போகும்.

நேரம் எங்கே கரைகிறது? பாதிக்கப்பட்டவரைத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். மருத்துவர் 7 நாளுக்குள் அறிக்கை தரவேண்டும். சம்பவம் நடந்து 96 மணி நேரத்துக்குள் வந்தால் உடலிலிருந்து எல்லா மாதிரிகளையும் எடுக்கவேண்டும் என்பது சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஈரத் துணியைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைத்து, அரக்கு முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தேதியில் போனது என்று எழுதவேண்டும். இதில் அதிகம் கோட்டை விடுவது மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே. எடுத்துச் செல்லக் காவலர் இல்லை, பந்தோபஸ்துக்குப் போய்விட்டார் என்று உறை நிலையத்திலேயே கிடக்கும். நீதிமன்ற விசாரணையின்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே, “இந்த இடைப்பட்ட நாட்களில் உறை எங்கே இருந்தது?”

கெடுவைச் சொல்லிவிட்டுத் தண்டனையைச் சொல்லாத சட்டத்தில், பொறுப்பு கேட்கும் இடம் அவைதான். ஒரு வழக்கில் அல்ல, மாவட்டம் முழுக்க. மாதிரி எடுத்த நாள், ஆய்வகம் பெற்ற நாள், அறிக்கை தந்த நாள் என்ற மூன்று தேதிகளுக்கு இடையே சராசரியாக எத்தனை நாள் என்று கேட்டால் போதும். பழுது காவல் நிலையத்திலா ஆய்வகத்திலா என்று தெரிந்துவிடும்.

அப்படியென்றால் சட்டமன்றத்தில்தான் கேட்கவேண்டுமா?
– வாசகர், சேலம்

ஆம், காவல்துறையின் பணப்பையும் ஆள் நியமனமும் அங்கேதான் முடிவாகின்றன. நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதல் கேட்பதுதான் மானியக் கோரிக்கை; அதில் எண் 22 காவல்துறைக்கானது. முதலமைச்சரே அந்தத் துறையை வைத்திருப்பது இங்கே வழக்கம் என்பதால், பதிலும் பெரும்பாலும் அவரிடமிருந்தே வரும். அன்று வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் சாதனைகளுக்கு நடுவே எண்களும் இருக்கும். முந்தைய இரண்டு ஆண்டுக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போன ஆண்டு இருந்த ஓர் அட்டவணை இந்த ஆண்டு காணாமல் போயிருந்தால், கேள்வி அங்கே இருக்கிறது. கேரளத்தில் துறைவாரிக் குழுக்கள் மானியத்தை உட்கார்ந்து ஆராய்கின்றன. இங்கே ஓரிரு நாள் விவாதத்தில் முடிந்துவிடுவது பெரிய குறை.

எங்கள் மாவட்டத்தில் வழக்குகள் அதிகமாகிவிட்டன என்று எதிர்க்கட்சி சொல்கிறது. குற்றப்பத்திரிகை 80 சதவீதம் என்று போலீஸ் சொல்கிறது. யாரை நம்புவது?
– வாசகி, கடலூர்

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பதிவு கூடுவது குற்றம் கூடியதாலும் இருக்கலாம், திருப்பி அனுப்பாமல் பதிவு செய்யத் தொடங்கியதாலும் இருக்கலாம். எண்ணிக்கை குறைந்தது என்று பாராட்டு வாங்கும் மாவட்டத்தைத்தான் நாம் கூடுதலாகச் சந்தேகிப்போம்.

சதவீதத்தில் வேறு சூட்சுமம். 100 வழக்குப் பதிவாகி, 60 இன்னும் விசாரணையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் முடித்தது 40. அதில் 32க்குக் குற்றப்பத்திரிகை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இது 80 சதவீதம், ஏனென்றால் முடித்தவற்றால் மட்டுமே வகுக்கிறார்கள். நீதிமன்றத்தில் அந்த ஆண்டு 10 வழக்கு முடிந்து 3இல் தண்டனை என்றால் தண்டனை விகிதம் 30. கிடப்பில் உள்ளவை இந்த இரண்டு விகிதங்களிலும் தலைகாட்டாது. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்தால் தண்டனை அதிகமுள்ளதன் கீழ் மட்டும் எண்ணுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அந்த ஆண்டறிக்கை வருவதும் தாமதம்: 2023ஆம் ஆண்டுக் கணக்கு வெளியானது 2025 செப்டம்பரில்.

நாடாளுமன்றக் குழுவுக்குப் பொதுமக்கள் எழுதலாமா?
– வாசகர், சென்னை

எழுதலாம். உள்துறை நிலைக்குழுவில் 31 பேர், மகளிர் அதிகாரமளித்தல் குழுவில் 30 பேர். ஒரு பொருளை ஆராய எடுக்கும்போது சில சமயம் கருத்துக் கேட்டு விளம்பரம் தருவார்கள். அப்போது அனுப்புவதற்கு மதிப்பு அதிகம். கூட்டங்கள் பூட்டிய அறைக்குள்தான் நடக்கும். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம் என்று அரசு பதில் தரவேண்டும். பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்கள் பற்றி உள்துறைக் குழு 2021 மார்ச்சில் தந்த அறிக்கையையும் அதற்குப் பிந்தைய நடவடிக்கை அறிக்கையையும் சேர்த்துப் படித்தால், எதை ஏற்றார்கள், எதை நழுவவிட்டார்கள் என்பது தெரியும்.

எம்.எல்.ஏ.வுக்குக் கடிதம் எழுதப்போகிறோம். எதை எழுதவேண்டும், எதை விடவேண்டும்?
– மகளிர் குழுவினர், தேனி

பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், பள்ளி, உறவு முறை எதுவும் வேண்டாம். பாலியல் வழக்குகளில் அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். 72இன்படி 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நல்லெண்ணத்தில் சுவரொட்டி ஒட்டுபவருக்கும் அது பொருந்தும். இத்தகைய எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் பூட்டியே இருக்கவேண்டும். 2024 டிசம்பரில் சென்னையில் மாணவி ஒருவரின் வழக்கில் பூட்டு விழாமல் விவரம் கசிந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

குற்ற எண், நிலையம், எஃப்.ஐ.ஆர். தேதி, சட்டப் பிரிவுகள், மருத்துவப் பரிசோதனைத் தேதி, 90 நாளுக்குள் விசாரணை முன்னேற்றத்தைத் தெரிவித்தார்களா இல்லையா. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கவேண்டும். வழக்கு நீதிமன்ற விசாரணைக்கு வந்துவிட்டால் அதன் உள்விவரத்தை அவையில் பேச விதி இடம் தராது. அதனால் அதே நிலையத்தில் இதே போல நிற்கும் மற்ற வழக்குகளின் எண்ணிக்கையைக் கேட்கும்படி எழுதுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மானியக் கோரிக்கை நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.