வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சுவிட்சர்லாந்து என்றாலே கடிகாரம், சாக்லேட் என்கிறார்கள். சேலம் உருக்காலையில் பணிபுரியும் என் போன்றோர் அறிந்துகொள்ள வேண்டிய சுவிஸ் விஞ்ஞானி எவரேனும் உண்டா?
– வாசகர், தாரமங்கலம்

பதில்: உண்டு, ஆனால் அவரைச் சந்திக்கவும் கடிகாரத்தின் வழியாகவே போக வேண்டியிருக்கிறது. 1861-இல் ஃப்ளூரியே என்ற ஊரில், கடிகாரத் தொழில் செய்துவந்த குடும்பத்தில் பிறந்த சார்ல் எதுவார் கியோம், பாரிசுக்கு அருகிலுள்ள சர்வதேச எடை அளவைப் பணியகத்தில் சேர்ந்தார். மீட்டர் அளவுகோல்களைச் செய்ய உதவிய பிளாட்டினம்–இரிடியம் கலவை மிகுந்த விலையுடையதாக இருந்ததால், அதற்கு மாற்றாக மலிவான உலோகம் ஒன்றைத் தேடிய அவர், இரும்புடன் ஏறக்குறைய 36 விழுக்காடு நிக்கலைச் சேர்த்தால் அக்கலவை சூட்டில் விரிவது சாதாரண எஃகின் விரிவில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதை 1896-இல் கண்டறிந்தார். அதற்கு இன்வார் என்று பெயர்.

எஃகுத் தண்டில் ஆடும் ஊசல் கடிகாரம், வெப்பம் 10 டிகிரி கூடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 விநாடி பின்தங்கும். இன்வார் தண்டில் அது அரை விநாடிதான். நில அளவைக்கான கம்பிகளும் இக்கலவையால் செய்யப்பட்டன. நிக்கல் என்றதும் உங்களுக்கு எவர்சில்வர் நினைவுக்கு வந்திருக்கும். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த எவர்சில்வர், சாதாரண எஃகைவிட அதிகமாகவே விரியும் என்பதை எண்ணிப் பார்த்தால், கியோமின் கண்டுபிடிப்பு எவ்வளவு எதிர்பாராதது என்பது விளங்கும்.

இதற்காக 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1901-இலேயே சுவிஸ் குடியுரிமை பெற்றிருந்த ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டுக்குரிய பரிசுதான் கிடைத்தது. ஓர் உலோகக் கலவை அவரை முந்திக்கொண்டது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நம்பகமான அளவுகோல் இல்லாமல் எந்த ஆய்வும் நடைபெறாது என்பதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கேள்வி: இன்ஸ்டன்ட் காப்பியைக் கண்டுபிடித்தவர் சுவிஸ்காரர் என்பது சரியா?
– காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: பாதி சரி. நீரில் கரையும் காப்பித் தூளுக்கு நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் முன்பே காப்புரிமை பெற்றிருந்தனர். பிரேசிலில் விலைபோகாமல் தேங்கிய காப்பிக்கொட்டைக்கு வழி தேடும் பணியை ஏற்ற நெஸ்லே நிறுவனத்தில், சுவிஸ் வேதியியலாளர் மாக்ஸ் மோர்கென்தாலர் பல ஆண்டுகள் உழைத்து, காப்பியின் சுவை பெரிதும் கெடாத தூளை உருவாக்கினார். சேர்வராயன் மலை அரபிக்காவை டிகாக்‌ஷன் இறக்கிக் குடித்துப் பழகிய நீங்கள் அதை ஒப்புக்கொள்வீர்களா என்பது வேறு கேள்வி. 1938-இல் அத்தூள் நெஸ்கஃபே என்ற பெயரில் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஆன்றி நெஸ்லே மட்டும் பிறப்பால் சுவிஸ்காரர் அல்லர். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர்.