கரியமில வாயுவுக்கு எந்த ஸ்வரம்? – கேள்வி பதில்

பருவநிலைத் தரவுகளை வைத்து இசையமைப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், எண் எப்படி ஸ்வரமாகும்? எனக்கு எக்ஸெல் மட்டும்தான் தெரியும்.

அது போதும். ஹவாய்த் தீவின் மவுனா லோவாவில் 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். ஆண்டுச் சராசரி 1959-ல் பத்து லட்சத்தில் 316 பங்கு, 2023-ல் 421. வித்தியாசம் 105. ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த மேல் ‘ஸ’ வரை ஒரு ஸ்தாயி; அதில் 12 அரைச்சுரம். இதை இரண்டு ஸ்தாயிக்குள், அதாவது 24 அரைச்சுரங்களுக்குள் பரப்பினால் ஓர் அரைச்சுரத்துக்கு ஏறக்குறைய 4.4 பங்கு. 1959-ஐ மந்திர ஸட்ஜத்தில், அதாவது கீழ் ‘ஸ’வில், வையுங்கள். எந்த ஆண்டின் அளவானாலும் 316-ஐக் கழித்து 4.4-ஆல் வகுத்தால், எத்தனை அரைச்சுரம் ஏற வேண்டும் என்பது வந்துவிடும். 2000-ல் அளவு 370. 54-ஐ வகுத்தால் 12 சொச்சம்: மத்திய ஸட்ஜம். 2023-ல் தார ஸட்ஜம்.

இப்போது ஆண்டுக்கு ஒரு வினாடி என்று வாசித்துப் பாருங்கள். முதல் ஸ்தாயி ஏற 41 வினாடி. அடுத்ததற்கு 23. பல வருடம் பார்த்துப் பழகிய வரைபடம்தான். ஆனாலும் தார ஸட்ஜம் அவ்வளவு சீக்கிரம் வந்து நின்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கேள்வி: ஆண்டுக்கு ஒரு ஸ்வரம் மொட்டையாக இருக்கிறதே. மாதக் கணக்கைப் போட்டால்?

ருசியே அதில்தான். அளவு மே மாதம் உச்சத்தில் இருக்கும். வடபாதி உலகில் செடிகொடி தழைத்ததும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இறங்கும். ஆட்டம் 6 பங்கு போல. மேலே போட்ட கணக்கில் ஒன்றரை அரைச்சுரம்கூட வராது. பியானோவில் கொடுத்தால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே திக்கித் திக்கிக் கேட்கும். வயலினில் கமகமாகவே வந்துவிடும், அசைந்துகொண்டே மேலே நகர்கிற ஸ்வரமாக.

கேள்வி: மோகன ராகத்தில் போட்டேன் அண்ணா, அருமையாக வந்திருக்கிறது. சரிதானே?

அருமையாக வருவதுதான் சிக்கல். ஐந்தே ஸ்வரம், மத்யமமும் நிஷாதமும் கிடையாது. பங்குச்சந்தை விலையைக் கொடுத்தாலும் இனிக்கும். தைவதத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு மூன்று அரைச்சுரம், அதாவது 13 பங்கு உயர்வு. அது ஒரே தாவலில் முடிந்துபோகும். முன்னும் பின்னும் வருடங்கள் அசையாமல் நிற்கும். ராகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராகம் நீங்கள் தேர்ந்தது, தரவு தந்ததல்ல. அதைக் கேட்பவர்களிடம் சொல்லிவிட்டு வாசியுங்கள்.

கேள்வி: செல்லோவில் ஒரு மாணவர் வாசித்தாரே, அது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேனியல் க்ராஃபோர்ட், 2013-ல். செல்லோ என்பது வயலின் இனத்தில் பெரிய, கீழ்க்குரல் வாத்தியம். நாசாவின் உலக வெப்பநிலைத் தரவு, 1880 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஒரு ஸ்வரம், அரைச்சுரத்துக்கு சுமார் 0.03 டிகிரி. மிகக் குளிர்ந்த ஆண்டு செல்லோவின் அடிமட்ட ஸ்வரம். மொத்த வீச்சு மூன்று ஸ்தாயி; உச்ச ஸ்வரம் வினாடிக்கு சுமார் 523 அதிர்வு, அதாவது 523 ஹெர்ட்ஸ். இன்னும் 1.8 டிகிரி கூடினால் என்ன ஆகும்? 60 அரைச்சுரம், ஐந்து ஸ்தாயி. ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வு இரட்டிக்கும்; அந்த 523 ஹெர்ட்ஸை ஐந்து முறை இரட்டித்தால் 16,700-ஐத் தாண்டும். என் வயதுக்காரர்கள் பலருக்குக் காதிலேயே விழாது.

2015-ல் அதையே நால்வர் குழுவுக்கு விரித்தார்கள்: செல்லோ பூமத்திய ரேகைப் பகுதி, வயலினைவிடச் சற்றே பெரிய வயோலா நடு அட்சரேகைகள், வயலின்கள் வடக்கே, ஆர்க்டிக் வரை.

கேள்வி: தரவே இல்லாமல் எழுதக்கூடாதா?

தாராளமாக. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ‘பிகம் ஓஷன்’ சுமார் 42 நிமிடம்; அலை எழுந்து அடங்குவது போன்ற வடிவம். 2014-ல் புலிட்சர் பரிசு பெற்றது.

கேள்வி: பனி உருகுவதை இறங்கு ஸ்வரங்களில் எழுதினேன். தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது!

ஆகத்தான் செய்யும். இறங்கும் ஸ்வரம் மனதை அமர்த்தும். ஸ்ருதியை விடுங்கள், ஆளைக் குறையுங்கள். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1772-ல் எழுதிய 45-வது சிம்ஃபனியின் முடிவில் கலைஞர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, கடைசியில் இரண்டு வயலின்தான் மிஞ்சும்.

அதை நினைத்து ஆர்க்டிக் கடல்பனியின் செப்டம்பர் அளவுகளை எடுத்தேன். 1979-க்கு 16 பேர் என்று வைத்தால் 2012-க்கு எட்டுப் பேர். ஆனால் 2013-ல் பனி கொஞ்சம் கூடியது. நான்கு பேர் திரும்ப வந்தாக வேண்டும். ஒத்திகையில் வயோலாக்காரர், “போனவன் எதுக்கு சார் திரும்பி வரணும்? அப்படியே விட்டா உருக்கமா இருக்கும்ல?” என்றார். எனக்கும் சபலம்தான். இருந்தாலும் நான்கு பேரையும் வரவழைத்தேன். நாற்காலி இழுபடும் சத்தம் ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது.