பசித்தவரை வைத்து மனிதரை அளக்கலாமா?

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். நாஜி வதைமுகாம்களைப் பற்றிய வகுப்பில், “கைதிகள் ஒருவர் ரொட்டியை ஒருவர் திருடினார்களாம், சிலர் மேற்பார்வையாளர்களாகித் தங்களோடு இருந்தவர்களையே அடித்தார்களாம். அப்படியென்றால் நெருக்கடி வந்தால் எல்லா மனிதரும் மிருகங்கள்தானே?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவி சொன்ன செய்திகள் உண்மையானவை. அவற்றை மழுப்ப வேண்டாம். நாஜிகள் ஆக்கிரமித்த போலந்தில் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமில் ரொட்டித் திருட்டு நடந்தது. காப்போ என்றழைக்கப்பட்ட கைதி மேற்பார்வையாளர்களில் சிலர் உடன்கைதிகளை அடித்தே கொன்றார்கள். ஆனால் அவள் எட்டிய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நடத்தை விளையும்படியே அமைக்கப்பட்டிருந்த இடத்தை அவள் கணக்கில் கொள்ளவில்லை.

அந்த இடம் எப்படி இயங்கியது என்பதை வகுப்பில் விரிவாகவே சொல்லுங்கள். ரயிலிலிருந்து இறக்கப்பட்ட யூதர்களில் முதியோரும் குழந்தைகளும் கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் பெரும்பாலும் அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள்; வேலைக்கெனப் பிரிக்கப்பட்டவர்களுக்குத் தலை மழிக்கப்பட்டது, உடை பறிக்கப்பட்டது, இடது கையில் எண் பச்சை குத்தப்பட்டது. காலையில் காப்பி என்ற பெயரில் ஒரு கசந்த நீர், நண்பகலில் நீர்த்துப்போன சூப், இரவில் ஏறத்தாழ 300 கிராம் ரொட்டி; இதை உண்டு நாள் முழுதும் மண் வெட்டிய உடல் சில மாதங்களுக்குள் எலும்பும் தோலுமாகிவிடும். கிண்ணத்தைத் தொலைத்தவருக்குச் சூப் கிடையாது என்பதால் உறங்கும்போதும் அதைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குறித்த நேரத்தில் மட்டுமே கழிப்பிடம் செல்ல விட்டதால், வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டவர்கள் உடுத்திய உடையிலேயே கழிக்க நேர்ந்தது. கொல்பவர்களின் மனம் கூசாமலிருக்க அந்த அழுக்கே உதவியது.

காப்போ முறையும் இப்படித் திட்டமிட்டதுதான். 1940 மே மாதத்தில் ஆஷ்விட்ஸுக்கு முதன்முதலில் கொண்டுவரப்பட்ட கைதிகள் 30 ஜெர்மானியக் குற்றவாளிகள். பின்னால் வரப்போகிறவர்களை அடக்கியாளவே அவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். அமைப்பின் தலைவர் ஹிம்லர், 1944 ஜூனில் படைத்தளபதிகளிடம் பேசியபோது இந்த ஏற்பாட்டை ஒளிவுமறைவின்றி விளக்கினார்: தங்களுக்குத் திருப்தியில்லையென்றால் காப்போவின் பதவி போய்விடும், அவன் மற்றக் கைதிகளோடு உறங்க வேண்டும், முதல் இரவிலேயே அவர்கள் அவனை அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்பது அவனுக்கே தெரியும் என்றார். கைதியைக் கைதிக்கு எதிரியாக்கியது யார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே அறம் அழிந்துவிடவில்லை என்பதுதான் என்னை இன்றும் அசைக்கிறது. முகாம் கிடங்கிலிருந்து ஒரு பொருளை எடுத்துவருவதைக் கைதிகள் திருட்டாகவே கருதவில்லை. உடன்கைதியின் ரொட்டியைத் திருடுவதையோ மன்னிக்க முடியாத குற்றமாகக் கருதினார்கள். உயிர்பிழைத்ததில் பெரும்பங்கு தற்செயலுக்கு உரியது. கூரைக்குக் கீழே வேலை கிடைத்ததும் ஜெர்மன் மொழி தெரிந்திருந்ததும்கூடச் சிலரைக் காத்தன. ஆனால் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களில், குறிப்பாகப் பெண்களின் வாக்குமூலங்களில், நோயுற்ற நாளில் தன் பங்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த ஒருத்தி, கைதிகளை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்தபோது விழாமல் தாங்கிப் பிடித்த ஒருத்தி என இன்னொரு மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார்.

ரோசா ரொபோட்டா, அலா கெர்ட்னர், எஸ்துசியா வைட்ஸ்ப்லும், ரெகினா சஃபிர்ஷ்டைன் ஆகிய நால்வரின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து வெடிமருந்தைச் சிறிது சிறிதாகக் கடத்தி, பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளிடம் சேர்த்தவர்களில் இவர்களும் உண்டு. 1944 அக்டோபர் 7 அன்று அந்தக் கைதிகள் கிளர்ந்தெழுந்தபோது நான்காம் எரியூட்டுக் கூடம் எரிந்து பாழானது. விசாரணையில் சித்திரவதைப்பட்ட ரொபோட்டா எஞ்சியிருந்த தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. நால்வரும் 1945 ஜனவரி 6 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். முகாம் விடுவிக்கப்பட்டது அதே மாதம் 27ஆம் நாள்.

மனித இயல்பைப் பற்றித்தான் உங்கள் மாணவி அறிய விரும்புகிறாள் என்றால், வயிறு நிறைந்திருந்தவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்ஃபுர்ட் நகரின் டோப்ஃப் நிறுவனம் அந்த எரிவுலைகளைச் செய்து கொடுத்தது. இடைவிடாமல் இயங்கக்கூடிய புதிய உலைக்குக் காப்புரிமை கோரி அதன் பொறியாளர் ஒருவர் 1942இல் விண்ணப்பித்தார். ஐ.ஜி. ஃபார்பன் என்ற வேதிப்பொருள் நிறுவனம் தன்னிடம் வேலை வாங்கிய ஒரு கைதிக்கு நாளொன்றுக்கு 3 அல்லது 4 மார்க் வீதம் எஸ்.எஸ். அமைப்புக்குக் கூலி செலுத்தியது. கைதிக்கு அதில் ஒரு காசும் சேரவில்லை. இவர்கள் யாரையும் பசி நெருக்கவில்லை, மாலையில் வீடு திரும்பிக் குடும்பத்தோடு உணவருந்தினார்கள். வரலாற்றின் முன் இவர்களல்லவா முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள்?

அப்படியானால் காப்போக்களை மன்னித்துவிடலாமா என்று அவள் அடுத்துக் கேட்கக்கூடும். நாஜிகளையும் அவர்களோடு ஒத்துழைத்தவர்களையும் தண்டிக்க இஸ்ரேலில் 1950ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் யூதக் காப்போக்கள் சிலர்மீது வழக்கு நடந்தது. அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவர்களில் உயிர்பிழைத்த கைதிகளும் இருந்தார்கள். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் இடையிலான கணக்கு அது. அதை வகுப்பறையில் அவசரமாகத் தீர்த்துவிட முடியாது. அதற்கென இன்னொரு பாடவேளையை ஒதுக்குங்கள். அந்த வேளையிலும் காப்போவையும் முகாமைக் கட்டியவரையும் ஒரே வரிசையில் நிறுத்த மாணவர்களை அனுமதிக்காதீர்கள்.